தும்புத்தடியில் நின்ற கூடாரம்

சனிக்கிழமை, 1996 ஆகஸ்ட் 10. காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஒன்பதேகால் ஆகியும் பலெர்மோவின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரு சந்தில், இன்னும் புறப்படாத ஃபியட் 127 காரின் முன் ஆசனத்தில், மடியில் அரிசி மூட்டையோடு நான் உட்கார்ந்திருந்தேன். காரணம், அன்று படி கழுவும் முறை ராணியுடையது.

ராணி குடியிருக்கும் பழைய கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவ ஆள் வைப்பதில்லை. சனிக்கிழமைக்கு ஒரு வீடு என்று முறை. நாலாம் மாடியிலிருந்து தெருக்கதவு வரை மாபிள் படி. இதற்கு நீதிபதி மூன்றாம் மாடி வீட்டுக்காரம்மா கொஞ்செத்தா. வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டி, "தொக்கா அ லேய்" என்பார். உங்கள் முறை என்று பொருள். மன்னாரிலிருந்து ஏப்ரலில் வந்திறங்கிய ராணியிடம் நேராகச் சொல்லப்பட்ட இத்தாலிய மொழி அநேகமாக இந்த மூன்று சொல்தான். மற்றதெல்லாம் அவள் கணவன் சூசையின் வாய் வழியாக வந்துபோகும்.

கழுவி முடிந்ததும் கொஞ்செத்தா இறங்கி வந்து, கைப்பிடிக் கம்பியில் ஒற்றை விரலை ஓட்டிப் பார்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். பாஸ் என்று அர்த்தம். ராணி, படி தேய்த்த தும்புத்தடியோடு கீழே வந்தாள். சூசை அதை அவள் கையிலிருந்து வாங்கி, தும்புக்கட்டையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, தடியைக் காரின் கூரையில் கட்டினான்.

"ஏன் என்ரை தும்புத்தடியை எடுக்கிறியள்?"

"கூடாரத்துக்கு ஒரு கால் குறையுதப்பா."

கூடாரத்தின் கதை இது. மெல்பேர்னில் இருக்கும் என் மச்சான் முந்திய ஆண்டு ஒரு பழைய வானும் கூடாரமுமாக ஆஸ்திரேலியாவைப் பாதி சுற்றி வந்து, சிவப்பு மண்ணில் அரைக்காற்சட்டையோடு நின்ற படங்களை அனுப்பியிருந்தார். செலவே இல்லையாம். தங்குவது கூடாரம், உண்பது தகரத்தில் அடைத்த அவரை விதை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது முற்றத்தில் பாய் போட்டுப் படுக்கப் பயந்த மனிதர் அவர். அந்தப் படங்களைச் சூசைக்குக் காட்டியது என் குற்றம். அடுத்த ஞாயிறு வுச்சீரியாச் சந்தையிலிருந்து முப்பத்தையாயிரம் லீராவுக்கு ஒரு கூடாரத்தோடு வந்து நின்றான். விற்றவன் இரண்டு கால் என்றானாம். பையில் ஒன்றுதான் இருந்தது.

ஆனால் சூசையின் அவசரத்துக்குக் காரணம் ஆஸ்திரேலியா அல்ல. ராணியின் தமையன் பாரிசில் இருக்கிறார். அங்கே வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறார்: தமிழ்க் கடை உண்டு, தமிழ்ப் பூசை உண்டு, சூசைக்கு ஒரு உணவகத்தில் சட்டி கழுவும் வேலை தயாராக இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் வேண்டும். சூசைக்கு இங்கே ஏழு வருடம் காத்துப் பெற்ற பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி, லிபெர்த்தா வீதியில் வீட்டுவேலைக்கு வைத்திருக்கும் மனம் நல்ல ஒரு சிஞ்ஞோரா, போதாக்குறைக்குக் கடல். அவனுக்குப் போக மனமில்லை. முடிவை ராணியிடம் விட்டிருந்தான். ராணி ஒன்றும் சொல்லவில்லை.

"அவள் இஞ்சை கண்டது படிக்கட்டும் கோயிலும் சந்தையுந்தான் அண்ணை. ஊரை ஒருக்கா வடிவாச் சுத்திக் காட்டிப்போட்டால் நிப்பாள்" என்றான் என்னிடம். "நீங்கள் படிச்ச ஆள். விளக்கம் சொல்லுவியள்."

படித்த ஆள்தான். தபால் கந்தோரில் இருபது வருடம் இருந்தவன் நான். உலகத்தின் எல்லா ஊரும் எனக்குத் தெரியும், முகவரியாக. இப்போது லிபெர்த்தாவில் ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞருக்குச் சூப் வைத்துக் கொடுக்கிறேன். ஆகஸ்டில் எல்லா வீட்டாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அவரையும் மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவருடைய அலமாரியிலிருந்து சிசிலி வழிகாட்டி நூல் ஒன்றைக் கேட்டு எடுத்துவந்தேன். போருக்கு முந்திய பதிப்பு. தொலைவான இடங்களுக்குக் கோவேறு கழுதையை முதல் நாளே சொல்லிவைப்பது நலம் என்று அது ஆலோசனை கூறியது. எங்கள் காரைப் பார்த்தபின் அதை நான் அலட்சியப்படுத்தவில்லை.

காலை 11.30. பலெர்மோவிலிருந்து எழுபத்தைந்து கிலோமீற்றர், செஜெஸ்தா. சுங்கம் இல்லாத நெடுஞ்சாலை. பெற்றோல் லீற்றர் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். மலைச்சரிவில் தனியாக ஒரு கிரேக்கக் கோயில். தூண் எல்லாம் முழுதாக நிற்கிறது, கூரை இல்லை. நான் புத்தகத்தை விரித்துத் தூணின் வகைகளை விளக்கத் தொடங்கினேன். இரண்டாம் வகைக்கு வந்தபோது சூசை நிழல் தேடிப் போய்விட்டான். ராணி மட்டும் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூரை இடிஞ்சு விழுந்திட்டுதோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. போடவே இல்லை. அதுக்கு முதல் சண்டை வந்திட்டுதாம்."

"ஓம்" என்றாள். விளக்கம் போதும் என்பதுபோல் காரை நோக்கி நடந்தாள். புத்தகத்தில் இதற்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

பிற்பகல் 3 மணி. சான் வீத்தோ லோ காப்போ. பெரிய பாறை மலை ஒன்று ஊரின் தோளில் கை போட்டதுபோல் நிற்க, அதன் கீழே வெள்ளை மணல். கடலின் நிறத்தை எழுதப் போவதில்லை. நீங்கள் நம்பப் போவதில்லை. ஊருக்கு வெளியே கூடார முகாமில் தலைக்கு ஏழாயிரம் லீரா, கூடாரத்துக்கு எட்டாயிரம், காருக்கு நாலாயிரம். காரில் படுக்கும் எனக்குத் தலைக் காசா கார்க் காசா என்று கேட்டேன். இரண்டும் என்றார்கள்.

கூடாரம் ஒரு பக்கம் இரும்புக் காலிலும் மறுபக்கம் தும்புத்தடியிலும் எழுந்து நின்றது. தும்புத்தடி அரை முழம் நீளம் கூட. கூடாரம் ஒரு தோளை உயர்த்தி, "எனக்கென்ன தெரியும்" என்பதுபோல் இருந்தது. சுற்றிலும் வடக்கத்தி இத்தாலியர்களின் கூடாரங்கள், திண்ணென்று, வரவேற்பறையோடு. அவர்கள் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். மெல்பேர்ன் மச்சானுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தேன், தும்புத்தடி தெரியாத கோணத்தில்.

ஞாயிறு, காலை 6 மணி. கார் ஆசனத்தின் கொளுக்கி விலாவில் குத்தி விழித்தேன். முகாமே உறங்குகிறது. பொதுத் தொட்டிகளின் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம். போய்ப் பார்த்தால் சூசை. முதல் நாள் இரவு யார் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த தட்டு, கோப்பை, காப்பிக் கேத்தல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா செய்யிறாய்?"

திடுக்கிட்டான். தான் செய்வதை அப்போதுதான் கண்டவன்போல் கையைப் பார்த்தான்.

"எங்கடை மூண்டு பீங்கானைக் கழுவ வந்தனான் அண்ணை. பக்கத்திலை கிடந்திது... கை நிக்குதில்லை."

"விடுமுறையடா."

"ஓம் அண்ணை" என்றான், அடுத்த கோப்பையைத் துடைத்தபடி.

சிரிக்கலாம். ஆனால் நானும் ஆறு மணிக்கு எழுந்தது கொளுக்கியால் மட்டுமல்ல. என் வழக்கறிஞருக்கு மருந்து கொடுக்கும் நேரம் அது.

தேவாலயப் பூசைக்குப் போய், ஊரைச் சுற்றினோம். உணவகங்களில் குஸ்குஸ், மீன் சாறு ஊற்றி, பதினாலாயிரம் லீரா. சூசை கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, "உது ரவைப் புட்டெல்லோ! பதினாலாயிரமோ!" என்று உரக்கச் சொன்னான். உள்ளே ஒருவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பகல் 2 மணி. முகாமில் மீன் குழம்பு முடிந்து, ராணி பாத்திரங்களோடு தொட்டியடிக்குப் போனாள். நாங்கள் துணைக்கு நின்றோம். பக்கத்துக் கூடாரத்து அம்மா, வடக்கே பெர்கமோ ஊர்க்காரி, நல்ல சிரிப்பு, அடிப்பிடித்த லசாஞ்ஞா தட்டோடு வந்தார். ராணியின் கையில் அதை வைத்து, "கிராத்சியே, காரா", நன்றி கண்ணே, என்று கன்னத்தைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலையில் தங்களுடைய கோப்பைகள் பளபளத்ததைக் கண்டிருக்கிறார். நாங்கள் முகாமின் வேலைக்காரர்கள் என்று முடிவு செய்திருக்கிறார். முகாம் முழுவதும் அப்படித்தான் முடிவு செய்திருந்தது என்பது தொட்டியில் சேர்ந்திருந்த தட்டுகளைப் பார்த்தால் விளங்கியது.

நான் விளக்கம் சொல்லப் பின்னால் ஓடினேன். என் இத்தாலியம் என் வழக்கறிஞரிடம் கற்றது. "மதிப்புக்குரிய அம்மையார் அவர்களே, மேற்கூறிய பாத்திரம் தொடர்பாக" என்று தொடங்கி நான் வினைச்சொல்லுக்கு வருமுன் அவர் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது சூசை தட்டை வாங்கக் கை நீட்டியிருந்தான். ராணி கொடுக்கவில்லை. தானே தேய்த்தாள்.

"தாரும் ராணி, நான் கழுவுறன். அவைக்குத் தெரியாது..."

"பாரிசிலை சட்டி கழுவினால் சம்பளம் தருவினம்" என்றாள் ராணி. "நீங்கள் இஞ்சை விடுமுறை எடுத்தெல்லோ கழுவுறியள்."

அதன்பின் அன்று முழுவதும் சூசை கூடாரத்தடியிலேயே இருந்தான். கடலுக்குப் போகவில்லை. ஏழு வருடம் காத்திருந்து வரவழைத்தவளுக்கு ஊர் காட்ட வந்து, இதைக் காட்டிவிட்டான். "முடிஞ்சுது அண்ணை. பாரிசுதான்" என்றான் என்னிடம் மெதுவாக. ஆறுதலுக்கு நான் வழிகாட்டி நூலைப் புரட்டினேன். அதில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

மாலை 7 மணி. வெயில் சாய்ந்து மலை சிவந்திருந்தது. பெர்கமோ அம்மா வந்தார். கையில் ஐயாயிரம் லீரா நோட்டு, மடித்து, நன்றியோடு. அதை ராணியிடம் நீட்டினார். சூசை எழுந்தான். ராணி கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள். பிறகு அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, நான் கேட்ட அவளுடைய முதல் இத்தாலிய வாக்கியத்தைச் சொன்னாள்:

"தோமானி தொக்கா அ லேய்."

நாளைக்கு உங்கள் முறை. கொஞ்செத்தாவின் குரல், கொஞ்செத்தாவின் தலையாட்டல், ஒரு மாற்றுக் குறையாமல்.

பெர்கமோ அம்மா எங்கள் கார் இலக்கத் தகட்டைப் பார்த்தார், பலெர்மோ. கூடாரத்தைப் பார்த்தார். மூன்று பீங்கானைப் பார்த்தார். "ஓ... நீங்களும் விடுமுறையில்..." என்று தொடங்கியவர் கழுத்துவரை சிவந்துபோனார். நோட்டு மெல்ல மடிந்து உள்ளங்கைக்குள் போனது. நான் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, என் வாக்கியங்களுக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் அவரே கேட்டார்: "எத்தனை மணிக்கு?"

ராணி விளங்காமல் கணவனைப் பார்த்தாள். அவன் ஈனக் குரலில் மொழிபெயர்த்தான். ராணி ஏழு விரல் காட்டினாள்.

திங்கள், காலை 7 மணி. வந்தார். இளஞ்சிவப்பு றப்பர்க் கையுறையோடு. எங்கள் சோற்றுப்பானையை ராணி எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் இரவு அது அடியில் ஒரு விரற்கடை கருகியிருந்தது. ராணி ஒருநாளும் சோறு கருக்கியவள் அல்ல என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

சூசைக்குத்தான் தாங்கவில்லை. ஒரு சிஞ்ஞோரா தன் பானையைக் கழுவ, தான் கதிரையில் இருப்பது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணை, அவ பிழையாத் தேய்க்கிறா. முதல் ஊறவிட வேணும். நான் போய்..."

"இருங்கோ" என்றாள் ராணி.

"பாவம் அண்ணை, கையுறை கிழிஞ்சிடும்."

"இஞ்சாருங்கோ. இருங்கோ எண்டனான்."

இருந்தான், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. அரை மணி நேரம். பெர்கமோ அம்மா வியர்த்துப்போய்ப் பானையைக் கொண்டுவந்தார். ராணி வாங்கினாள். விளிம்பில் ஒற்றை விரலை ஓட்டினாள். விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பானையைத் திருப்பிக் கொடுத்து, உள்ளே ஓர் இடத்தைச் சுட்டினாள்.

பெர்கமோ அம்மா ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு வெடித்துச் சிரித்தார். ராணியும் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இருவரும் பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்குப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது ராணியின் கையில் லசாஞ்ஞா இருந்தது. அந்த அம்மாவின் கையில் எங்கள் மிளகாய்த்தூள். அதற்கான விளைவுகளை அன்று பகல் பக்கத்துக் கூடாரத்திலிருந்து கேட்டோம்.

மீதிப் பயணத்தைச் சுருக்கிவிடுகிறேன். செவ்வாய் திராப்பானி உப்பளம். ஓடு போர்த்திய உப்புக் குவியல்கள். புதன் முதல் செலினுந்தே. இங்கே கோயில்கள் அநேகமாக விழுந்தே கிடப்பதால் நான் விளக்கம் சொல்லவில்லை. பெரிய விருந்து நாளான பதினைந்தாம் திகதி முழுக் கடற்கரையும் எங்களுக்குத் தர்ப்பூசணி தந்தது. கார் இரண்டு தடவை கொதித்தது. சூசை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிவரை உறங்கினான். ராணி எழுப்பவில்லை. எங்களுடைய மூன்று கோப்பையை மட்டும் கழுவி வைத்திருந்தாள், வேறொருவருடையதையும் தொடாமல்.

வெள்ளி, ஆகஸ்ட் 16, மாலை 6 மணி. பலெர்மோ. ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள் ராணி. ஐயாயிரம் லீரா தொலைபேசி அட்டையோடு பொதுத் தொலைபேசியடியில் போய் நின்றாள். சூசை இறங்கவில்லை; ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். இந்த ஊர்த் தொலைபேசிக்குக் கதவு இல்லை. எல்லாம் கேட்டது.

"இல்லை அண்ணா... ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன்... இல்லை, அவர் ஒண்டும் சொல்லேல்லை. இல்லை அண்ணா, வரேலாது. செப்ரெம்பர் ரெண்டாஞ் சனி எங்கடை முறை." கொஞ்ச நேரம் மறுபக்கம் பேசியது. "என்ன முறையெண்டால், படி அண்ணா. படி. மாபிள் படி... நான் போனால் ஆர் கழுவுறது?"

பாரிசுக்கு அது விளங்கியிருக்காது. சூசை எதிரே கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைக்கத் தொடங்கினான்.

ராணி வந்து காரில் ஏறவில்லை. கூரையைத் தட்டினாள். "என்ரை தும்புத்தடியைக் கழட்டித் தாங்கோ. நான் நடந்து வாறன். கொஞ்செத்தா வாசல்லை கிடந்த கட்டையை எறிஞ்சு போடமுதல் போகவேணும்."

மச்சான் ஆஸ்திரேலியாவில் ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடினார். நாங்கள் ஐந்நூறைத் தொடவில்லை. அவர் கங்காருவைக் கண்டார். நான் கண்டது, ரயில் நிலையக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு தடியைத் தோளில் சாய்த்து, யாரிடமும் வழி கேட்காமல் தன் வீட்டுக்குப் போன ஒரு பெண்ணை. கூடாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்காது என்பதால் அதைப் போர்த்திக்கொள்கிறேன்.