மழை டப்பாவும் ஒரு பக்க பயோடேட்டாவும்

வாட்ஸ்அப்பில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டால் 'பார்க்கவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. 'இன்டர்வியூ என்னம்மா ஆச்சு?' என்று நான் கேட்டு ஒன்பது நாள். அது நீலமாகியும் ஒன்பது நாள். பதில் மட்டும் வரவில்லை.

கோகிலா அப்படிப்பட்ட பெண் இல்லை. நான் சும்மா ஒரு 'குட் மார்னிங்' அனுப்பினால்கூட 'குட் மார்னிங்ங்க சார்' என்று மரியாதையைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறவள். மனசு கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் பிடித்து மலை ஏறிவிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் வயிறு ஒவ்வொன்றாக எண்ணியது. அது தனிக் கதை.

யார் இந்தக் கோகிலா?

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவள் அப்பா பழனியப்பனிடம்தான் வருஷா வருஷம் மிளகு வாங்குகிறேன். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, வீட்டுக்குச் சாமை... அதை வைத்து மகளை பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வைத்தவர். காலை ஆறரை பஸ்ஸில் மலை இறங்கி, இருட்டும் நேரத்துக்கு மலை ஏறி, மூன்று வருஷம் கீழே காலேஜுக்குப் போய் வந்தாள். அந்த ஊரில் சயின்ஸ் டிகிரி வாங்கிய முதல் பெண் அவள்.

டிகிரி வந்தது. வேலை வரவில்லை.

விளம்பரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 'புதியவர்கள் தேவை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில், 'இரண்டு வருட அனுபவம் அவசியம்.' புதியவருக்கு ஏதய்யா இரண்டு வருடம்? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? லேப், கம்பெனி, ஸ்கூல் என்று பதினேழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?

பழனியப்பன் கெடு வைத்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் திருப்பூரில் பனியன் கம்பெனி. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே அங்கே ஹாஸ்டலில் இருக்கிறார்கள். அவரையும் தப்புச் சொல்ல முடியாது. அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள்.

இந்த நிலைமையில்தான், ஆனி மாதம், என்னிடம் பயோடேட்டாவைக் கொண்டுவந்தாள். பத்திரிகையில் இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன்னால் நான் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மாவு பரிசோதிக்கும் லேபில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே எத்தனையோ பேரை இன்டர்வியூ செய்து அனுப்பியிருக்கிறேன். அந்த மிதப்பு எனக்கு இன்னும் குறையவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஃப்ரெஷருக்கு எதற்கு இரண்டு பக்கம்? ஒரு பக்கம் போதும் என்றேன். ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டி போனது. கோலப் போட்டி போனது. அதற்குக் கீழே ஒரு வரி: 'எட்டாம் வகுப்பு முதல் இன்று வரை தினமும் காலை ஆறு மணிக்கு வீட்டில் மழை அளவு எடுத்தல்.'

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "என்னம்மா இது, மழைக்கெல்லாம் பயோடேட்டாவா?" என்று கேட்டுவிட்டு அந்த வரியின் மேல் கோடு போட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். 'அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நேர்மையாகப் போடச் சொன்னேன். கிளம்பும்போது இலவச இணைப்பாக ஓர் அறிவுரை வேறு: பேப்பரில் இல்லாததை இன்டர்வியூவில் வாயால் சொல்லாதே, அளக்கிறாய் என்று நினைப்பார்கள்.

தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு பக்க பயோடேட்டாவுக்கு ஓர் இடத்திலிருந்து இன்டர்வியூ வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேனாவின் மகிமை என்று வீட்டில் இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன். அதன் முடிவைக் கேட்டுத்தான் அந்த மெசேஜ். பதில் வராததால்தான் இந்த மலைப் பயணம்.

நான் போனபோது பழனியப்பன் களத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை என்று அவரே சொன்னார். "நீங்க எம்புட்டோ செஞ்சீங்க. அவளுக்குக் குடுப்பினை இல்லீங்க" என்றார். வாசலில் ஒரு நீலப் பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. மறுநாள் திருப்பூர்.

கோகிலா காபி கொண்டுவந்தாள். மெசேஜுக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன். என்ன போடறதுன்னு தெரியலீங்க சார் என்றாள். இன்டர்வியூவில் என்னதான் கேட்டார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

மலை ஓடைகளில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதற்கு ஃபீல்டு அசிஸ்டன்ட் வேலை. கொல்லிமலையிலேயே. வீட்டிலிருந்தே போய் வரலாம். இயற்பியலில் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாள். கடைசியாக, அங்கிருந்த ஒரு மேடம் கேட்டாராம்: தினமும் ஒரே நேரத்தில் ரீடிங் எடுத்து எழுதிய பழக்கம் உண்டா? ஒரு மாதம் செய்திருந்தால்கூடப் போதும்.

"நீ என்னம்மா சொன்னே?"

"இல்லீங்க மேடம்னு சொல்லிட்டேனுங்க."

எனக்குப் புரையேறியது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னாள்.

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க... பேப்பர்ல இல்லாதத வாயில சொல்லக் கூடாதுன்னு."

வேலை, எங்கோ ஆறு மாதம் ரீடிங் எடுத்ததாகச் சான்றிதழ் வைத்திருந்த ஒரு பையனுக்குப் போய்விட்டது. அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஆறு மாதம்! இவள் எட்டு வருஷம்.

மழையை எதில்தான் அளக்கிறாய் என்று அப்போதுதான் கேட்டேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல், கிளம்புகிற நேரத்தில். கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். மரநிழல் படாத இடத்தில் ஒரு மழைமானி. அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது யாரோ ஏதோ ஓர் ஆய்வுக்காக நட்டுவிட்டு, எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்களாம். இரண்டு வருஷம் வந்து கணக்கு எடுத்தார்கள். பிறகு வரவில்லை. இவள் நிறுத்தவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் மழை டப்பா.

எழுதிவைத்த நோட்டுகளையும் எடுத்துக் காட்டினாள். எட்டு நோட்டு. தேதி, மில்லிமீட்டர், குறிப்பு. சின்னப் பிள்ளைக் கையெழுத்து, நோட்டுக்கு நோட்டு வளர்ந்துகொண்டே வருகிறது. பரீட்சை நாள், திருவிழா நாள் எதுவும் தப்பவில்லை. முப்பது வருஷம் லேபில் இருந்தவன் சொல்கிறேன்... எங்கள் ரிஜிஸ்டர்கள் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. லேபில் ஒருநாளாவது மொத்தமாக உட்கார்ந்து, எடுக்காத ரீடிங்கை ஊகித்து எழுதாதவர் யார்? நானும் எழுதியிருக்கிறேன்.

அங்கேயே நின்று அந்த ஆராய்ச்சி ஆபீஸுக்கு போன் போட்டேன். மலையில் சிக்னல் கிடைக்க ஒரு பாறை மேல் ஏற வேண்டியிருந்தது. ஞாயிறு என்றாலும் ஒருவர் எடுத்தார். பொறுமையாகக் கேட்டார். முன்பே தெரிந்திருந்தால் நிச்சயம் எடுத்திருப்போம், ஆர்டர் போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அந்த 'முன்பே தெரிந்திருந்தால்' என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. பாறையிலிருந்து இறங்கிவந்து கோகிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றாள். திட்டியிருக்கலாம்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பிய நேரம், அவள் தன் அம்மாவை மழை டப்பா பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து அளக்கப்போவது அம்மா. மூன்றாம் வகுப்போடு நின்றவர். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பயந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். மழையே பெய்யாத நாளில் என்ன பண்ணுவது, எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"மழை இல்லீன்னா பூஜ்யம் போடோணும் அம்மா. அதுவும் ஒரு அளவுதான். ஆனா நீ பாக்க மறந்துட்டீன்னா பூஜ்யம் போட்றாத. காலியா உட்டுரு. பாக்காத நாளுக்குப் பூஜ்யம் போட்டா அது பொய்யி."

நான் செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றேன்.

எட்டு வருஷ மழைக்கு ஒரே கோட்டில் பூஜ்யம் போட்டவன் நான்தான். டப்பாவை எட்டிக்கூடப் பார்க்காமல்!