பிறைக்கு இரண்டாம் சாட்சி

"…ரேடியோ என்னத்தச் சொன்னாலும் நான் கண்டது கண்டதுதான், மச்சான். அது கொழும்புட கண் இல்ல, என்ட கண்."

என் அக்கா, ராத்தாவின் மாப்பிள்ளை, நானும் மச்சான் என்றே கூப்பிடுகிறவர், இதைச் சொல்லும்போது வாசலில் இளந்தாரிகள் கூடி நின்றார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால், விடிந்ததும் கடற்கரையில் பெருநாள் தொழுகை நடத்திவிடுவோம் என்று வந்தவர்கள். நடத்தியிருந்தால் நாடெல்லாம் நோன்போடிருக்க, எங்கள் ஊர் பாதி பெருநாளும் பாதி நோன்புமாக விடிந்திருக்கும்.

அன்று நோன்பு இருபத்தொன்பது; அந்தியில் பிறை கண்டால் மறுநாள் பெருநாள், காணாவிட்டால் முப்பதாம் நோன்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, அறுவடை நேரம். இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர், எங்களுக்குக் கடல் கிழக்கே. பிறை பார்க்கிறவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிப் பக்கம் பார்க்க வேண்டும். ஊருக்குள் நின்ற எங்களுக்குத் தென்னைகளும் முகிலும்தான் தெரிந்தன. மச்சான் வட்டைக்குள் நின்றார். கூட நின்றவர் பக்கத்து ஊரான பாண்டிருப்புக்காரர், தமிழ் ஆள், பல போகமாய் மச்சானோடு கூட்டாக வேளாண்மை செய்கிறவர். வரம்பில் குந்தியிருந்து தண்ணீரால் நோன்பு திறந்த மச்சான் நிமிர்ந்து பார்க்க, முகில் விலகி, வெட்டிப் போட்ட நகம் மாதிரிப் பிறை. "அந்தா" என்று முதலில் கையைக் காட்டியதே பாண்டிருப்புக்காரர்தானாம்.

இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிவாசலுக்கு வந்தார்கள். மச்சான் ஊரறிந்த பகிடிக்காரர், எதையும் விளையாட்டாகச் சொல்கிறவர். நம்ப மாட்டார்கள் என்றுதானோ என்னவோ, சாட்சியையும் கையோடு கூட்டி வந்திருந்தார். மௌலவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெருநாள் பிறைக்கு முஸ்லிம் சாட்சி இரண்டு வேண்டும், இங்கே இருப்பது ஒன்றுதான் என்றார்.

"அப்ப என்ட கண்ணுக்கு என்ன குறை, மௌலவி?" என்றார் பாண்டிருப்புக்காரர்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை, எங்கள் சட்டம் அப்படி என்று மௌலவி சிரித்தார். அப்படியென்றால் தைப்பொங்கலன்று சூரியன் வந்திட்டுது என்று நீங்கள் வந்து சொன்னால் நாங்களும் எடுக்கமாட்டோம் என்று இவர் சொல்ல, நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சண்டைக்காலம்; தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போக யோசித்த காலம் அது. இருட்டினால் யோசனையே இல்லை, போக்குவரத்து நின்றுவிடும். அந்த நேரத்தில் எங்கள் பெருநாளுக்குச் சாட்சி சொல்ல வந்து நின்றார் மனிதர். மச்சானே அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

போகுமுன் மௌலவி மச்சானைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஊர் நோன்பு பிடித்தாலும் கண்ணால் கண்டவருக்கு நாளைக்குப் பெருநாள், அவர் நோன்பு பிடிக்கக் கூடாது. ஆனால் ஆட்கள் பார்க்கத் தின்னவும் கூடாது.

பிறகுதான் ரேடியோவில் வந்தது: நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நாளை நோன்பு முப்பது. தபால் கந்தோர் டெலிபோன் செத்துக் கிடந்ததில் எங்கள் சேதி, பிறையைத் தீர்மானிக்கிற கொழும்புக்குப் போகவேயில்லை. இளந்தாரிகளுக்கு அதுதான் கோபம். எங்கட கண்ணைக் கணக்கெடுக்காத கொழும்புக்காக நாங்க ஏன் காத்திருக்க வேணும், எல்லாத்துக்கும் நாங்கதான் கடைசியா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

எனக்கு மனசு வேறு பக்கம் இழுத்தது. காலியில் சிங்களம் கதைத்துப் பழகின வீட்டிலும், வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இருக்கிற புத்தளத்து அகதி முகாமிலும், எங்கள் வீட்டிலும் ஒரே காலையில் தக்பீர் முழக்கம் கேட்கிற நாள் பெருநாள். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒன்றாகச் செய்கிற காரியம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? இதைத்தான் மச்சானிடம் சொன்னேன். அதற்குத்தான் அவர், அது என்ட கண் என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க காக்கா, போதும்" என்று மச்சானை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான் வாசலில் ஒருவன்.

மச்சான் கதிரையை விட்டு எழும்பி உள்ளே போய், விடிஞ்சாப் பிறகு உள்ளறையில் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் மூடி வைக்கும்படி ராத்தாவிடம் மெதுவாகச் சொன்னார். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தராவீஹுக்கு நேரமாகுது, வாங்க தம்பிமார்" என்று சொல்லிவிட்டு, நோன்பு மாத இரவுகளில் மட்டும் தொழுகிற அந்தத் தொழுகைக்கு, அவர்களுக்கு முன்னால் பள்ளிவாசலுக்கு நடந்தார்.