பிழிந்து எடுத்த கவுண்ட்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். டெங்கு என்று டாக்டர் சொல்லிப் படுத்திருந்தவர், காய்ச்சல் விட்ட அன்று காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்றார். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று கத்தினேன். அப்படித்தான் நல்லூரில் எங்கள் தெருமுனை லேபுக்குப் போனோம்.

லேபில் இருந்த பெண் அவர் விரல் நுனியில் குத்தினாள். ரத்தம் வரவில்லை. வருஷக்கணக்கில் மெஷினில் துணியைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன விரல். "என்னங்ணா, தோலு இப்படிக் கெட்டியா இருக்குது!" என்று மறுபடியும் குத்தி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக வந்ததைச் சின்னக் குழாயில் வழித்துச் சேர்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "பிளேட்லெட் கவுண்ட் ரொம்பக் கம்மிங்கக்கா. இருபதாயிரந்தான் காட்டுது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இந்த மனுஷனோ சிரிக்கிறார். "இருபதாம் கவுண்ட்டா? அப்ப நல்ல கெட்டி நூலு புள்ள!" எங்கள் தொழிலில் கவுண்ட் என்றால் நூலுக்குச் சொல்லும் எண். எண் ஏற ஏற நூல் மெலியும், இறங்கினால் தடிக்கும். உடம்புக்குள் ஓடுவதையும் நூலாக நினைக்கிற ஆளை என்ன செய்வது? பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் நிற்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆட்டோவில் ஏற்றி, எப்போது ரத்தம் கசியுமோ என்று வழியெல்லாம் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். "பிழிஞ்சா எடுத்தாங்க? அப்படி எடுத்தா தசையில இருக்கிற நீரும் கலந்துரும், அணுக்களும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கவுண்ட் கம்மியாத்தான் தெரியும்" என்று சொல்லி, முழங்கை மடிப்பில் நரம்பிலிருந்து எடுக்கச் சொன்னார். இந்த முறை ரத்தம் தடங்கலில்லாமல் இறங்கியது. ரிசல்ட்டும் வந்தது. எண்பதாயிரத்துக்கு மேல்.

அழுதேவிட்டேன். அந்த லேப் பெண்ணை மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினேன். "அப்ப ஊட்டுக்குப் போலாங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். கழற்றாமல் இன்னொரு தடவையும் பார்த்தார்.

"கவுண்ட்டுக்குப் பயப்பட வேண்டாம்மா. ஆனா பிரஷர் இறங்குது. இந்தக் காய்ச்சல்ல சூடு விட்ட பிறகுதான் ஆபத்தே. இப்ப வந்ததால நல்லதாச்சு. வேலைக்குப் போயிருந்தா மெஷின்லயே சாஞ்சிருப்பார்."

நர்ஸ் ட்ரிப்ஸ் ஏற்ற ஓடி வந்தாள். நான் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. காலையில் இதே கையைத் தொட்டுத்தான், காய்ச்சல் விட்டதென்று சாமிக்கு விளக்கேற்றியிருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கையைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருந்தால்தான் எனக்கு உயிர் வருகிறது.