கோடு நகர்ந்த ஊர்

எழுபதுகளில் மெல்பேர்ணில் குடியுரிமை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் எழுத்தராக இருந்தேன். நரைத்த மீசையும் தோல்பையுமாக ஒரு டிராம் நடத்துநர் வந்தார். பிரான்சின் நாந்த் நகரத்தவர். பேசும்போதெல்லாம் பயணச்சீட்டின் பின்புறத்தில் தம் ஊரின் லுவார் ஆற்றை வரைந்துகொண்டிருப்பார். பிறந்த மாநிலம் பிரெத்தாஞ் என்று எழுதியிருந்தார்.

“புது வரைபடத்தில உங்கட ஊர் பிரெத்தாஞ்சில இல்லையே. மாத்தி எழுதினால் இண்டைக்கே முடிச்சிடலாம்” என்றேன்.

“எல்லைக் கோட்டைத்தான் நகர்த்தினவங்கள், நண்பரே. ஆறு அங்கதான் ஓடுது.”

“அப்ப குடியுரிமை?”

“அங்க டிராமையும் நிப்பாட்டினவங்கள். நான் பஸ்ஸுக்கு மாறேல்லை. டிராம் ஓடுற ஊருக்கு வந்தனான். இதுக்கும் காத்திருப்பன்.”

மாதந்தோறும் அதே விண்ணப்பத்துடன் வந்தார். நான்காம் முறை நான் வரைபடத்தை மூடிவிட்டு முத்திரையிட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை. டிராமுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.