'மறுத்தார்' என்று எழுதப்பட்ட நான்கு நாட்கள்

குசுமா என்னைத் தொலைபேசியில் அழைப்பது அரிது. வெள்ளவத்தையில் என் அம்மா கடைசியாக இருந்த முதியோர் இல்லத்தில் அவர் இன்னும் பராமரிப்பு வேலை செய்கிறார். சிங்களவர், எங்களைப் போன்றவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழில் பேசுவார். சென்ற மாதம் ஒரு காலை, தெஹிவளையில் நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அழைத்தார். "அக்கே, நம்ம சீலி மிஸ் போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சிட்டுது." பின்னால் யாரோ ஒருவர் அவரை விடாமல் கூப்பிடும் சத்தம் கேட்டது. "வைக்கிறேன் அக்கே, இங்க ரெண்டு பேர்தான் இருக்கோம்" என்று வைத்துவிட்டார். பத்தொன்பது முதியவர்களுக்கு இரண்டு பேர். சீலி மிஸ் அங்கே இருந்த காலத்திலும் அப்படித்தான்.

ஞானசீலி மிஸ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த இல்லத்தின் பகல் வேலையைப் பார்த்தார். பயிற்சி பெற்ற தாதி என்று அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய தங்கையின் மகள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார். "பெரியம்மாவைப் பற்றி நல்லதா நாலு வசனம் எழுதுங்கோ அக்கா" என்று கேட்டார். நல்லது எழுதுவது கஷ்டமில்லை. ஆனால் அவருடைய நல்ல குணத்தை நான் நேரில் கண்ட இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், நல்ல விதமாக அல்ல. அதை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைச் சேர்ப்பதற்கு முன் இல்லத்தைப் பார்க்கப் போயிருந்தேன். செயலாளர், ஓய்வு பெற்ற கனவான், சாமியறையையும் தொலைக்காட்சியையும் கடற்காற்று வரும் பல்கனியையும் காட்டினார். அவர் தொலைபேசி பேச ஒதுங்கியபோது, வெள்ளைச் சீருடையில் ஒரு குள்ளமான பெண் என் முழங்கையைத் தொட்டார். "சாமியறையை எல்லாரும் காட்டுவினம். நீங்கள் வந்து பாத்ரூமைப் பாருங்கோ." தன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டுத் தரையைத் தேய்த்துக் காட்டினார். "இதில ரெண்டு பேர் விழுந்தவை. பிடிக்கக் கம்பி கேட்டனான். வரும் எண்டினம். வரும்வரைக்கும் உங்கட அம்மாவைத் தனிய இதுக்குள்ள விடமாட்டன். நான் இல்லாத நேரத்துக்கு என்னால வாக்குத் தர ஏலாது." எதையும் சுலபமாக நம்பாதவள் நான். அன்று அந்தக் கடைசி வசனத்துக்காகவே அம்மாவை அங்கே சேர்த்தேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒருமுறைதான். மருதானை ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழும்பி நடந்து விழுந்துவிடுகிறார் என்று அவரைப் பழைய சேலையால் கதிரையோடு கட்டிவைத்திருந்தார்கள். மிஸ் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். "கவனம் மிஸ்," என்றார் பெரியவர், "சேலையை இழுத்தால் எனக்குத்தான் பழி வரும். என்ர மனிசி மேல இருந்து பாத்துக்கொண்டிருக்கிறா." மிஸ் சிரித்தார். பிறகு அந்தச் சேலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நேரே செயலாளரின் அறைக்குப் போனார். "ஐயா, அரை மணித்தியாலம் இருந்து பாக்கிறியளா? மெதுவாத்தான் கட்டுவன்." ஐயா சிரிக்கவில்லை. கட்டுவது அத்துடன் நின்றது. மிஸ் இருக்கும் நேரங்களில் மட்டும்.

இனி இல்லத்தின் சாப்பாட்டுத் தாளைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தினமும் ஒரு தாள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் இரண்டு கட்டங்கள்: 'எடுத்தார்', 'மறுத்தார்'. எங்கள் ஆட்கள் சுகமில்லை என்பதை 'ஏலாது' என்றுதான் சொல்வார்கள். நெஞ்சு வலித்தாலும் ஏலாது, தலை சுற்றினாலும் ஏலாது. குசுமாவுக்கும் அவரோடு வேலை செய்யும் மற்றச் சிங்களப் பெண்ணுக்கும் அது சிங்களத்தில் 'பே' என்று காதில் விழும். முடியாது என்றாலும் 'பே', மாட்டேன் என்றாலும் 'பே'. ஆகவே முதியவர் ஏலாது என்றால், அவர்கள் எந்தக் கள்ளமும் இல்லாமல் 'மறுத்தார்' என்பதில் புள்ளடி போடுவார்கள். சீலி மிஸ்தான் இதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு காலையும் அடிமட்டம் வைத்துத் தாள்களில் மூன்றாவதாக ஒரு கட்டம் கீறி, 'முடியவில்லை, காரணம்' என்று கையால் எழுதினார். செயலாளர் ஆட்சேபித்தார். "முடியவில்லை எண்டு கண்டால் பிள்ளையள் லண்டனில இருந்து டொக்டரைக் கூப்பிடு எண்டுவினம், மிஸ்." மிஸ் சொன்ன பதில் குசுமாவுக்கு இன்றும் மனப்பாடம்: "அதுக்குத்தானே ஐயா எழுதுறது."

பிறகு மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாட்கள் வரவில்லை. அந்த நான்கு நாள் தாள்களிலும் மூன்றாவது கட்டம் இல்லை.

இரண்டாம் நாள் இல்லத்திலிருந்து அழைத்து, அம்மா சாப்பிட மறுக்கிறார், அடம் பிடிக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்து இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். அம்மா முகத்தைத் திருப்பினார். "ஏலாது பிள்ளை" என்றார். சொல் குழறியது. பல்செட்டைக் கழற்றியிருந்தார், அதனால்தான் என்று நினைத்தேன். "எல்லாம் ஏலும் அம்மா. மனம் வைச்சால் ஏலும். சின்னப்பிள்ளையள் மாதிரிச் செய்யாதீங்கோ, அவையளும் எத்தினை பேரைப் பாக்கிறது?" என்றேன். கரண்டியால் சொதியை வாயில் விட்டேன். இருமினார். மறுபடியும் விட்டேன். நான் படித்தவள் என்பதில் அம்மாவுக்கு மிகுந்த பெருமை. அதனாலோ என்னவோ, மூன்றாம் முறையும் வாயைத் திறந்தார்.

ஐந்தாம் நாள் காலை மிஸ் வந்தார். தாள்களைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். ஒரு தேக்கரண்டி தண்ணீரை உதட்டில் வைத்தார். அது வாயின் வலது ஓரத்தால் வழிந்தது. "இவ மறுக்கேல்லை. இவவுக்கு விழுங்க ஏலாது" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் அம்புலன்ஸுக்கு அழைத்தார். ஒரு பக்கத்தை முடக்கும் பாரிசவாதம் வந்து பல நாட்கள் என்றும், வாயில் போனது நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து இரண்டு வாரத்தில் நிர்வாகக் குழு என்னை அழைத்தது. மேசையில் மிஸ் எல்லோரையும் விசாரித்து எழுதிய இரண்டு பக்க அறிக்கை இருந்தது. நாள்வாரியாக, அம்மா சொன்னது யார் காதில் எப்படி விழுந்தது, தாளில் என்ன எழுதினார்கள் என்று இருந்தது. தான் வராத நாட்களுக்குப் பதில் தாதியை ஏற்பாடு செய்யும்படி எழுத்தில் கேட்காதது தன் தவறு என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அதில் இன்னொரு வரியும் இருந்தது: 'மூன்றாம் நாள் மாலை மகள் கரண்டியால் சொதி கொடுத்தார். இருமல்.'

செயலாளர் மிகவும் அன்பாகப் பேசினார். "தங்கச்சி, நீங்கள் சம்மதிச்சால் இதை ஃபைலில போடாமல் விடலாம். தாள் இருக்குத்தானே, அம்மா சாப்பாட்டை மறுத்தவ எண்டு. வயது போனவை, அது வழமைதான். ஏன் உங்கட பேரையும் இழுக்க வேணும்?"

"ஐயா, நான் அதைப் பென்சிலால எழுதேல்லை" என்றார் மிஸ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போடாமல் விடுங்கோ" என்றேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். "சரி. அப்ப நான் எழுதினது பொய் எண்டு ஆகுது" என்றார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் அவர் வரத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வேறு தாதி வரவுமில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் கொட்டாஞ்சேனையில் அவருடைய மேல்மாடி வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. முழங்கால் வீங்கி, சாய்மனைக் கதிரையில் இருந்தார். தேநீர் தந்தார். "என்னை ஒரு ஹோமில விடச் சொல்லிச் சொந்தக்காரர் கேக்கினம். அதுகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடத்தான் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன்" என்று சிரித்தார். நான் தயாரித்துக்கொண்டு போன வசனங்களைச் சொல்லத் தொடங்கினேன்: அன்று மனம் சரியில்லை, நான் அம்மாவுக்குச் செய்ததை எழுத்தில் பார்க்கத் தாங்க முடியவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஊட்டினதுக்கு உங்களை நான் குற்றம் சொல்லேல்லைப் பிள்ளை. உங்களுக்குத் தெரியாது. ஆர் சொல்லித் தந்தது? எழுத விடாததுக்குத்தான் சொல்லுறன். குசுமா இப்பவும் அந்த ரெண்டு கட்டத் தாளிலதான் புள்ளடி போடுறாள்." பிறகு, "நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ. நீட்டி எழுதத் தேவையில்லை. நடந்ததை நடந்த மாதிரி" என்றார்.

ஓம் என்றேன். பஸ்ஸில் வரும்போதே முதல் வசனம் மனதில் வந்தது. எழுதவில்லை. வேலை, வீடு, இன்னொரு நாள். அவரும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு வருடங்கள் போயின. அதற்குள் அந்த இல்லத்தில் எத்தனை பேர் 'மறுத்தார்கள்' என்று எனக்குத் தெரியாது. குசுமாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சீலி மிஸ்ஸை அறிந்தவர்கள் இந்த மலரில் அவருடைய பக்தியையும் பொறுமையையும் எழுதுவார்கள். அவை உண்மையாகவே இருக்கும். எனக்கு அவர் விட்டுப்போனது, நான் செய்யாமல் வைத்திருந்த ஒரு வேலை. அதை இங்கேயே செய்கிறேன். இதன் பிரதி ஒன்றை நிர்வாகக் குழுவுக்கும், முதியோர் இல்லங்களைப் பார்வையிடும் அரசாங்க அலுவலகத்துக்கும், என் முழுப்பெயரும் கையொப்பமும் இட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மலரில் இது இடம்பெறுமா என்பதை மிஸ்ஸின் தங்கை மகள் தீர்மானிக்கட்டும்.

முதலாம் நாள் என் அம்மா தனக்கு ஏலாது என்று சொன்னார். இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாள் மாலை என்னிடம் சொன்னார். நான் சொதி ஊட்டினேன், இருமினார், மறுபடியும் ஊட்டினேன். நான்காம் நாள் அவரால் சொல்லவும் முடியவில்லை. ஞானசீலி மிஸ் எழுதிய இரண்டு பக்கங்களில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் அம்மா மறுக்கவில்லை.