மாப்பிள்ளைச் சட்டையில் மாட்டுக்கொம்பு

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பழங்காநத்தத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. படம் வரைவதென்றால் எனக்கு உயிர்; ஆனால் அதற்கு ஏது நேரம்? துணியில் அளவுக்கோடு போடும்போதே ஓரத்தில் சாக்கட்டியால் எதையாவது வரைந்து, உடனே தட்டி அழித்துவிடுவேன்.

ஒருநாள் கல்யாண மாப்பிள்ளையின் சட்டைத்துணியில், ரோட்டில் நின்ற காளையை வரைந்தேன். அழிப்பதற்குள் யாரோ அளவு கொடுக்க வந்துவிட்டார். திரும்பினால், துணி வெட்டும் மாஸ்டர் கொம்பைக் கை தைக்கிற இடத்து வளைவு என்று நினைத்துக் கத்தரியை வைத்துவிட்டார்!

"அண்ணே, அது மாடுண்ணே!" என்று அலறினேன்.

"சட்டை மாப்பிள்ளைக்கா, மாட்டுக்கா மாப்ள?" என்றார் மாஸ்டர், கத்தரியை எடுத்துவிட்டு. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அவசரமாகக் காளையைத் தட்டி அழித்தேன். வெட்டியிருந்தால் என் வேலை என்னாகியிருக்கும்?

இப்போது மதியம் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் பழைய பேப்பரில் பென்சிலால் வரைகிறேன். ஆனாலும் எந்தத் துணியையும் இரண்டு தரம் உதறிப் பார்க்காமல் மாஸ்டரிடம் கொடுப்பதில்லை.