மீனாட்சிக்கு அபிஷேகம்னு வந்த கூட்டம்

குணா அண்ணே, நீ இருந்திருந்தா இத நீதான் சொல்லியிருப்ப. நடுவுல நீயே சிரிச்சு, பாதியில நிறுத்தி, மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருப்ப. இப்ப நான் சொல்ல வேண்டியதா போச்சு.

எண்பத்தி நாலு கடைசி, அடமழைக் காலம். எங்க எஸ்டேட் மலேசியாவுல, கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போற பஸ் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழம விடியக்காலையில அடிச்ச காத்துல மரம் சாஞ்சு, கரண்ட் கம்பி அறுந்து போச்சு. சாயங்காலம்தான் கரண்ட் வரும்னு எஸ்டேட் ஆபீஸ் கிராணி சொல்லிட்டாரு. எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. எங்க குணா அண்ணனுக்குத்தான் மூஞ்சியில ரத்தமே இல்ல.

அண்ணன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏத்துற லோரியில வேல செஞ்சுச்சு. பழைய அலமாரிக் கண்ணாடிய ஒட்டி அதுவே ஒரு மீன் தொட்டி செஞ்சு, ஒரு ஜோடி தங்க மீனு வாங்கி விட்டிருந்துச்சு. அதுங்க முட்ட போட்டு, குஞ்சு பொரிச்சு, விரல் நீளம் வளந்து தொட்டி முழுக்க மீனு. எல்லாம் அண்ணன் கொசுப் புழு புடிச்சுப் போட்டு வளத்த குஞ்சுங்க. காத்து ஊதுற பம்ப் ஓடுற வரைக்கும் ஒன்னும் இல்ல. அது நின்னதும் எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூட ஆரம்பிச்சிருச்சு. பாதிய பேசின்ல பிரிச்சு விட்டோம். அங்கயும் அதே கததான்.

தொட்டித் தண்ணிய சொம்புல மோந்து, கைய மேல தூக்கி, திரும்ப அதுலயே ஊத்தணும். விழற தண்ணியோட காத்தும் உள்ள போகும்னு அண்ணன் சொல்லுச்சு. ரெண்டு பேரும் ஊத்துனோம், ஊத்துனோம். மத்தியானத்துக்குள்ள என் தோள்பட்ட கழண்டு போற மாதிரி ஆயிருச்சு. நிறுத்துனா மீனு மறுபடியும் மேல வருது.

அப்பதான் அண்ணன் பலகச் சுவரத் தட்டி, பக்கத்து வீட்டு அத்தையக் கூப்பிட்டுச்சு. "அத்தே, மீனுக்கு அபிஷேகம் நடக்குது, ஆளு பத்தல, வாங்க"ன்னு கிண்டலாத்தான் கத்துச்சு. தகரக் கூரையில மழ சத்தம். "இதோ வரேன்டா"ன்னாங்க. ஆனா வரல.

ரொம்ப நேரம் கழிச்சு வாசல்ல பாத்தா, அத்த தலைக்குக் குளிச்சு, மஞ்சப் பொடவ கட்டி, கையில பால் சொம்போட நிக்கிறாங்க. பின்னால எங்க லயத்து வரிச வீட்டுப் பொம்பளைங்க அஞ்சாறு பேரு குடையப் புடிச்சுக்கிட்டு. ஒருத்தங்க தட்டுல மஞ்சத் தூளும் செம்பருத்தியும்.

"மீனாட்சிக்கு அபிஷேகம்னியே, சாமிய எங்கடா வச்சிருக்க?"

"மீனாட்சி இல்ல அத்தே. மீனு."

"என்ன மீனு?"

"அதோ, அந்த மீனுதான்."

அத்த தொட்டியப் பாத்தாங்க. சொம்பப் பாத்தாங்க. "காலையில நெத்திலி சம்பல் தின்னுட்டேன்னு, இந்தக் குளுருல பச்சத் தண்ணியில முழுகிட்டு வரேன்டா பாவி."

அதுக்குள்ள பால் கொண்டு வந்திருந்த இன்னொரு அக்கா, வந்தது வந்தாச்சுன்னு பால ஊத்தவே போயிட்டாங்க. அண்ணன் ரெண்டு கையாலயும் தொட்டிய மூடிக்கிச்சு. "அக்கா, பால் ஊத்துனா செத்துரும் லா." சாமிக்குன்னு எடுத்த பால எப்படித் திருப்பிக் கொண்டு போறதுன்னு அவங்களுக்குக் கவல. எங்கம்மா அதுல ரெண்டு சொட்டு சாமி படத்துக்கு முன்னால வச்சுட்டு, மிச்சத்துல எல்லாருக்கும் டீ கலக்கிட்டாங்க.

ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. அத்த பொடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "நகருடா, கோயிலுக்கு எத்தன கொடம் தூக்கியிருக்கேன், எனக்குச் சொல்லித் தராத"ன்னு சொம்பப் புடுங்கிக்கிட்டாங்க. தொட்டிக்கு ரெண்டு பேரு, பேசினுக்கு ரெண்டு பேரு. ஊத்திக்கிட்டே ஊர்க்கத, கல்யாணக் கத, ஒரே சிரிப்பு. அந்தப் பக்கம் போன, எங்கள வேல வாங்குற மண்டோர் எட்டிப் பாத்து, "வேலைக்குக் கூப்பிட்டா இடுப்பு வலிங்கிறவங்க எல்லாம் இங்கதான் இருக்கீங்களா"ன்னாரு. "இங்க மண்டோர் இல்ல, அதான் வலிக்கல"ன்னாங்க அத்த. அவரும் டீயக் குடிச்சுட்டு ஒரு சொம்பு வாங்கி ஊத்துனாரு.

பொழுது சாயற நேரத்துல கரண்ட் வந்து பம்ப் குடுகுடுன்னு சத்தம் போட்டுச்சு. எல்லாரும் தொட்டியவே பாத்தோம். மீனுங்க ஒன்னொன்னா கீழ எறங்கி நீந்த ஆரம்பிச்சுச்சு. ஒன்னு கூட சாகல. அண்ணன் சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சுக்கிச்சு. அந்தப் பொங்கலுக்கு, தண்ணி ஊத்துன ஒவ்வொரு வீட்டுக்கும் பிஸ்கெட் போத்தல்ல ரெண்டு மீனு போட்டுக் குடுத்துச்சு. மண்டோர் வீட்டுக்கும்தான்.

அண்ணன் போன வருஷம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போச்சு. உயிரோட திரும்பி வரல.

அன்னிக்கு காதுல தப்பா விழுந்ததாலதான் அத்தன பேரும் வந்தாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சரியா விழுந்திருந்தாலும் வந்திருப்பாங்கன்னு, அண்ணனக் கொண்டு வந்த அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. யாரும் சுவரத் தட்டல, ஆனா லயமே வந்து எங்க வாசல்ல நின்னுச்சு. இதப் படிக்கிற நீங்களும் எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி, எங்க அண்ணனுக்காக ஒரு தடவ வேண்டிக்குங்க.